அலமாரிக்குப் பதில் வந்த கரும்பு

புஷ்பவல்லிக்கு யாரையுமே பிடிக்காது என்று தாமான் ஸ்ரீ மெராந்தி குடியிருப்பில் ஒரு பேச்சு உண்டு. அபாண்டம். பிடிக்காதவர்களைத்தான் அவளுக்குப் பிடிக்காது. அப்படிப்பட்டவர்கள் அந்தத் தாமானில் வீட்டுக்கு ரெண்டு பேர் இருந்தால் அதற்கு அவள் என்ன செய்வாள்?

கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனை எடுத்து நடத்தி, மீ கோரெங்கும் நாசி லெமாக்கும் விற்று, ஒரே மகள் தாமரையைப் படிக்க வைத்து ஸ்ரீ கெம்பாங்கானில் கட்டிக் கொடுத்தவள் அவள். வரிசையில் முண்டுகிற வாண்டுகளை அதட்டி அதட்டிக் குரல் அப்படி ஆகிவிட்டது. அவள் "சாப்பிட்டியா?" என்று கேட்டாலே எதிரில் நிற்பவர் தாம் என்ன தப்பு செய்தோம் என்று யோசிப்பார். கேண்டீனை விட்டு வருஷங்கள் ஆகியும் குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை.

புருஷன் தம்புசாமி அதற்கு நேர்மாறு. கேரி தீவில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். "வாய் செத்த மனுசனுக்கு வாக்கப்பட்டா, ரெண்டு பேருக்கும் சேத்து நான்தான் பேசணும்" என்பாள் புஷ்பவல்லி. பேசினாள். முக்கியமாக அலமாரியைப் பற்றிப் பேசினாள்.

அந்த அலமாரி அவள் கல்யாணத்துக்கு வந்த சீர். கம்பி வலைக் கதவு போட்ட சமையலறை அலமாரி. தோட்டத்து லய வீட்டைக் காலி செய்துவிட்டு, கடன் வாங்கிக் கட்டிய இந்தத் தாமான் வீட்டுக்குக் குடிவந்தபோது, தம்புசாமி லோரியிலேயே சாமான்களைக் கொண்டுவந்து இறக்கினார். கடைசி நடையில் அலமாரி வர வேண்டும். சாயங்காலம் லோரி வந்தது. புஷ்பவல்லி பின்பக்கம் போய்ப் பார்த்தாள். அலமாரி இல்லை. ஒரு கன்றுக்குட்டி படுத்திருக்கிற அளவுக்கு வேரும் தண்டுமாக ஏதோ ஒரு புதர் படுத்திருந்தது.

"என்னங்க இது?"

"ஆர்க்கிட். புலி ஆர்க்கிட். ஆத்தோரம் பழைய மரம் ஒண்ணு மழையில விழுந்திடுச்சு. அதுல இருந்துச்சு. நெருப்பு வைக்கப் போனானுங்க, நான் கேட்டு வாங்கிட்டேன்."

"அலமாரி?"

"ரெண்டுக்கும் எடம் பத்தல. நாளைக்கு எடுத்துக்கலாம்."

மறுநாள் போனபோது அலமாரி வைத்த இடத்தில் நாலு கால் பதிந்த தடம்தான் இருந்தது. எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு ஆரம்பித்தது புஷ்பவல்லியின் வழக்கு. இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

தம்புசாமி பின்வாசலில் ஒரு பருத்த மரத்துண்டை நட்டு, லோரியில் பாரம் கட்டும் நீலப் பட்டைக் கயிற்றால் அந்தப் புதரை அதோடு இறுக்கிக் கட்டினார். அது தழைத்தது. கணு கணுவாக, ஆள் உயரத்துக்கு, அச்சு அசல் கரும்பு போலவே தண்டுகள் எழும்பின. கட்டிய கயிற்றையே வேர் விழுங்கிவிட்டது. ஆனால் பூ? ஒன்றையும் காணோம். பின் சந்தில் நின்ற அக்கேசியா மரம் அந்த மூலையில் வெயிலே விழாமல் மறைத்தது. தம்புசாமி அதை வெட்டச் சொல்லி யாரிடமும் கேட்கவில்லை. அவர் எதைத்தான் யாரிடம் கேட்டார்?

"அலமாரி வர வேண்டிய எடத்துல கரும்பு வந்திருக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புஷ்பவல்லி சொல்லிக்கொண்டிருந்தாள். தை பிறந்தால் யாராவது ஒருத்தர் நிஜமாகவே நம்பிக்கொண்டு வந்து, "அக்கா, பொங்கலுக்கு ரெண்டு கரும்பு வெட்டிக்கவா?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பார். "வெட்டிக்கயேன், கரும்புதானே" என்பாள் இவள், உள்ளே கேட்கிற மாதிரி. தம்புசாமி லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடி வருவார். அவர் ஓடி வருவதைப் பார்ப்பதில் அவளுக்கு வருஷா வருஷம் ஒரு சந்தோஷம்.

"பூக்கும்டி. தீவுல கூட வேலை செஞ்ச ஓராங் அஸ்லி காட்டு ஆளு சொன்னாரு. உள்ளங்கை அகலம் இருக்குமாம். மஞ்சள்ல புள்ளி புள்ளியா. பூக்கறப்பப் பேசு."

"பூத்தா, இது கரும்பு இல்லேன்னு என் வாயாலயே சொல்றேன். போதுமா? அது வரைக்கும் இது கரும்பு."

அப்புறம் தம்புசாமிக்குக் கண் போக ஆரம்பித்தது. சர்க்கரை. முதலில் இடது கண் முழுசாகப் போனது. வலது கண்ணில் மூக்கு நுனிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் மட்டும் கலங்கலாக ஏதோ தெரிந்தது. ஊசி போட்டார்கள், லேசர் அடித்தார்கள். "இருக்கறதைக் காப்பாத்தப் பார்க்கறோம் ஆன்டி, எவ்ளோ நாள்னு சொல்ல முடியாது" என்றாள் ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் டாக்டர். புஷ்பவல்லி அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது வாயே திறக்கவில்லை. தம்புசாமி பயந்து போய், "என்ன புஷ்பம், ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

இந்தச் சமயத்தில்தான் தாமானுக்குப் பசுமை பிடித்தது.

கொண்டுவந்தவள் சந்திரகலா. கோலாலம்பூரில் ஏதோ ஒரு கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள், மூலை வீட்டுக்காரி. மகனைப் பார்க்க மெல்பர்ன் போனாள். அங்கே வெள்ளைக்காரர்கள் அந்த ஊர்க் காட்டுச் செடிகளையே வீட்டைச் சுற்றி வளர்க்கிறார்கள் என்று கண்டுகொண்டு வந்தாள். வந்து இறங்கிய வாரமே 'சொந்த மண் பசுமைக் குழு' என்று வாட்ஸ்அப்பில் ஒன்று முளைத்தது. பிரிக்பீல்ட்ஸ் கடையில் சொல்லி, இருவாட்சிப் பறவை படம் போட்ட பச்சை டி-ஷர்ட் அடித்தார்கள். துணி என்னவோ பிளாஸ்டிக். போட்டுக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் உரியும். அதைப் போட்டுக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை தோறும் இயற்கையைக் காப்பாற்றக் கிளம்பினார்கள்.

"மெராந்தி மரக் காட்டை வழிச்செறிஞ்சிட்டு வீடு கட்டி, அதுக்கு மெராந்தின்னே பேரும் வெச்சாங்க. இப்ப அதைத் தேடறாங்களாம், விளக்கு வெச்சிக்கிட்டு" என்றாள் புஷ்பவல்லி. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குழுவின் சட்டம் எளிமையானது. இந்த மண்ணில் பிறந்த செடி இருக்கலாம். வெளியிலிருந்து வந்தது போக வேண்டும். நல்லது. முதல் கூட்டத்திலேயே யாரோ கறிவேப்பிலையைக் கேட்டார்கள். அது இந்தியாவிலிருந்து வந்தது. சந்திரகலா தொண்டையைச் செருமிக்கொண்டு, "கறிவேப்பிலைக்கு விலக்கு உண்டு" என்றாள். அப்புறம் முருங்கைக்கு விலக்கு. துளசிக்கு விலக்கு. வேம்புக்கு, மாரியம்மனை உத்தேசித்து, விலக்கு. மல்லிகை என்று யாரும் வாயே திறக்கவில்லை. கடைசியில் மலர்விழி என்கிற வெகுளிப் பெண், "மேடம், செம்பருத்தி? அதுவும் வெளிய இருந்து வந்ததுன்னு நெட்ல போட்டிருக்கே?" என்று கேட்டுத் தொலைத்தாள். தேசிய மலர்! சந்திரகலா அவளைப் பார்த்த பார்வையில் மலர்விழி அப்புறம் ரெண்டு மாசம் கூட்டத்துக்கே வரவில்லை.

ஆக, நாடு கடத்தப்பட்டது யார் என்று பார்த்தால், வாய் செத்த காகிதப்பூவும் பின் சந்து அக்கேசியாவும்தான். அக்கேசியாவை மனு மேல் மனு போட்டு வெட்டவைத்தார்கள்.

வேலியோரத்துப் பாலன் கதை இன்னும் மோசம். இடது பக்கத்து வீட்டுக்காரர். சோம்பேறி. அவர் வீட்டு முன்னால் புல் இடுப்புயரம் நின்று, பாம்பு வந்து, புஷ்பவல்லி வருஷக் கணக்கில் கத்தியிருக்கிறாள். இப்போது அதற்குப் பேர் இயற்கைத் தோட்டமாம். குழுவே வந்து கைகுலுக்கி, கேட்டில் ஒரு பச்சைப் பலகையை மாட்டிவிட்டுப் போனது. "நான் அப்பவே சொன்னேன்ல ஆன்டி, அது டிசைன் லா" என்றார் பாலன், பலகையைத் தடவிக்கொண்டே. புஷ்பவல்லிக்கு வந்த ஆத்திரத்தில் அன்று ரசத்தில் உப்புப் போட மறந்தாள்.

ஒருநாள் காகிதப்பூச் சோதனைக்காகச் சந்திரகலா புஷ்பவல்லி வீட்டுப் பின்வாசலுக்கும் வந்தாள். வந்தவள் அந்த மூலையைப் பார்த்து நின்றாள். கைப்பேசியை நீட்டி, செடிப் பேர் சொல்கிற ஆப்பில் ஒரு படம் எடுத்தாள். அது என்ன சொன்னதோ, வீல் என்று ஒரு சத்தம் போட்டாள். தம்புசாமி உள்ளே காப்பியைக் கொட்டிவிட்டார்.

"அக்கா! புலி ஆர்க்கிட்! நம்ம மண்ணோட ராணி! இவ்ளோ பெருசு காட்டுலயே கிடைக்காதுக்கா! உங்களுக்குத் தெரியுமா உங்க வீட்டுல என்ன இருக்குன்னு?"

"தெரியும். கரும்பு" என்றாள் புஷ்பவல்லி.

அன்றிலிருந்து அவள் வீடு யாத்திரைத் தலமாயிற்று. பச்சை டி-ஷர்ட்டுகள் வந்துகொண்டே இருந்தன. தம்புசாமிக்கு வாழ்க்கையில் முதல் தடவை பேச ஆள் கிடைத்தது. நாற்காலியைப் பின்வாசலில் போட்டுக்கொண்டு, ஆற்றோரம், விழுந்த மரம், நீலக் கயிறு என்று கதை சொன்னார். புஷ்பவல்லி தேத்தண்ணி கலக்கப் போவாள். கலக்கிக்கொண்டு வருவதற்குள் ஒரு தண்டு குறைந்திருக்கும்.

இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. பைக்குள்ளிருந்து இலை எட்டிப் பார்க்கும், அவர்களே சிரிப்பார்கள். "கேட்டு வாங்குன செடி வேர் புடிக்காதுக்கா. தேங்க்ஸ் சொன்னா செத்தே போயிரும். சொல்லாம எடுத்தாத்தான் தழைக்கும்" என்று சந்திரகலாவே கையை விரித்துச் சொன்னாள், கல்லூரியில் பாடம் நடத்தியவள். புஷ்பவல்லியால் மறுக்கவும் முடியவில்லை. அவள் வீட்டு வெற்றிலைக் கொடி பக்கத்துத் தெருவில் கிள்ளியது. மணி பிளாண்ட், செலாயாங்கில் ஒரு கல்யாண வீட்டில் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தது. இங்கே யார் வீட்டுச் செடிதான் வாங்கின செடி? போகட்டும், கரும்புதானே என்று விட்டாள்.

இதற்கு நடுவே ஒரு காரியம் நடந்தது. அக்கேசியா போன பிறகு அந்த மூலையில் வெயில் கொட்டியது. ஒரு காலையில் தம்புசாமி வழக்கம்போல் செடியைத் தடவிப் பார்க்கப் போனவர், "புஷ்பம்!" என்று கூப்பிட்ட கூப்பாட்டில், இவள் விழுந்துவிட்டாரோ என்று கரண்டியோடு ஓடினாள். அவர் விழவில்லை. நீலக் கயிற்றுக்குக் கீழே, அடித்தண்டிலிருந்து, ஒரு பூந்தண்டு கிளம்பியிருந்தது. கட்டை விரல் தடிமன். அதை அவர் பார்க்கவில்லை, தொட்டுத்தான் கண்டுபிடித்தார்.

அப்புறம் அவருக்கு அதே வேலை. விடிந்ததும் போய் நிற்பார். அடியிலிருந்து நுனிவரை விரலால் தடவுவார். மொட்டு வைக்க ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவார். "நேத்துக்கு இன்னிக்கி ரெண்டு கூட" என்பார். ராத்திரி படுக்கையில் ஒரு நாள், சுவரைப் பார்த்துக்கொண்டு, "அது விரியற வரைக்கும் இந்தக் கண்ணு இருந்தாப் போதும். அப்புறம் போனாலும் போவட்டும்" என்றார். தனக்குத்தானே சொன்ன மாதிரிதான் சொன்னார். ஆனால் பக்கத்தில் படுத்திருந்தவளுக்குக் கேட்டது. "தூங்குங்க, கரும்புக்கு இவ்ளோ அலட்டல்" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தாள்.

மறுநாளிலிருந்து பின்வாசலுக்குப் பூட்டுப் போட்டாள். பச்சை டி-ஷர்ட்டு யார் வந்தாலும் முன்வாசலோடு சரி. "பூத்தப்புறம் வாங்க, இப்பத் தொட்டீங்க, நடக்கறது வேற" என்றாள்.

கண்ணுக்கு ஊசி போடுகிற நாள் வந்தது. ஆஸ்பத்திரியில் காத்துக்கிடக்கிற கதைதான் தெரியுமே, காலையில் போனால் பொழுது சாயும். இருவரும் வீடு திரும்பியதும் தம்புசாமி சட்டைகூட மாற்றாமல் நேராகப் பின்வாசலுக்குப் போனார். இவள் முகம் கழுவிவிட்டு வந்தாள். அவர் அந்த மூலையில் நின்றுகொண்டு, கையை இப்படியும் அப்படியுமாகக் காற்றில் துழாவிக்கொண்டிருந்தார்.

வேலிக் கம்பியை அறுத்திருந்தார்கள். பூந்தண்டு இருந்த பாதியை மரத்துண்டோடு சேர்த்துக் கோடாலியால் பிளந்து, கயிற்றோடு எடுத்துப் போயிருந்தார்கள். மிச்சம் ஆளாளுக்குப் பிய்த்ததில் ஏற்கெனவே மொட்டையாகியிருந்தது. நாலைந்து இலையற்ற தண்டுகள் கோணிக்கொண்டு நின்றன.

"இங்கதானே இருந்துச்சு?" என்றார் தம்புசாமி.

புஷ்பவல்லி அவர் கையைப் பிடித்துப் பிளந்த மரத்துண்டின் மேல் வைத்தாள்.

"சரி விடு" என்றார். "எங்கயாச்சும் பூக்கட்டும். செடிக்கு என்ன தெரியும், யாரு வீடுன்னு."

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. நல்லவராம் நல்லவர்! அவர் நாலு வார்த்தை கத்தியிருந்தால், கையில் கிடைத்ததைப் போட்டு உடைத்திருந்தால் அவளும் கூடச் சேர்ந்து கத்தி ஆறியிருப்பாள். அலமாரியைத் தூக்கிக்கொண்டு போனபோதும் இந்த மனுஷன் இதையேதான் சொன்னார், எவனுக்காவது உதவட்டும் என்று.

குழுவில் ஒரு குரல் பதிவு போட்டாள். கேண்டீன் குரல். பக்கத்தில் குழந்தைகள் இருந்த வீடுகளில் சத்தத்தைக் குறைத்துக் கேட்டார்களாம். பதிலுக்கு வரிசையாகக் கும்பிடு போடும் கைகள் வந்தன. அழுகிற மஞ்சள் முகங்கள் வந்தன. "இப்படிச் செய்பவர்கள் இயற்கைக்கே எதிரி" என்று பாலன் எழுதினார். அவர் கொல்லையில், உயரப் புல்லுக்கு நடுவே, இரண்டு தண்டுகள் கணுவிட்டு நின்றன. இவள் அடுப்படி ஜன்னலிலிருந்தே தெரிந்தது. சந்திரகலா, "நேர்மறையாக யோசிப்போம் அக்கா, அது எங்கிருந்தாலும் நம் மண்ணில்தானே இருக்கிறது" என்று எழுதி, கீழே ஒரு பச்சை இதயம் வைத்தாள்.

வாரங்கள் போயின. தம்புசாமியின் வலது கண்ணில் மூடுபனி இறங்கிக்கொண்டே வந்தது. முதலில் தட்டில் சோறு எந்தப் பக்கம், கறி எந்தப் பக்கம் என்று கேட்டார். பிறகு கேட்காமல் தடவ ஆரம்பித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை குழுவில் அழைப்பிதழ் வந்தது. திறந்த தோட்ட நாள். சந்திரகலா மேடம் இல்லத்தில். பசுமை அறவாரியம் ஒன்றின் தலைவர், டத்தோ பட்டக்காரர் ஒருவர், வந்து மரக்கன்று நடுகிறார். கூடவே ஒரு படம்: 'என் தோட்டத்தில் முதல் முறையாக மலர்ந்த வன ராணி.' மஞ்சளாக ஒரு கொத்து. புஷ்பவல்லி படத்தை விரலால் பெரிதாக்கினாள். பூவைப் பார்க்கவில்லை. கீழே, தொட்டிக்கு மேலே, வேர் விழுங்கியும் விழுங்காமலும், நீலமாக ஒரு நுனி.

சண்டை போடும் எண்ணம் அப்போதுகூட அவளுக்கு இல்லை. நம்ப மாட்டீர்கள், ஆனால் அதுதான் நிஜம். கண் இருக்கும்போதே அவர் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். யார் வீட்டில் என்றாலும் சரி, திருடி வீட்டில் என்றாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் துவைத்த சட்டை போட்டு, முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மூலை வீட்டுக்கு நடந்தாள். "எங்க போறோம்?" என்றார். "பேசாம வாங்க" என்றாள்.

பந்தல், மைக், பச்சை டி-ஷர்ட்டு. மரக்கன்று நடுவதற்கு ஒரு குழியை முன்கூட்டியே வெட்டி, அதன் பக்கத்தில் புது மண்வெட்டி ஒன்றுக்குப் பட்டு ரிப்பன் கட்டிச் சாத்தி வைத்திருந்தார்கள். டத்தோ குனிந்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் போலிருந்தது. நடுவில் ஒரு பெரிய தொட்டியில் செடி நின்றது. சும்மா சொல்லக்கூடாது, நின்றது. ஆள் உயரத்துக்குப் பூந்தண்டு, அதில் அடியிலிருந்து நுனிவரை உள்ளங்கை அகலப் பூக்கள். அதைச் சுற்றி வெள்ளைக் கயிறு கட்டியிருந்தது.

புஷ்பவல்லி அவரைக் கயிறு வரைக்கும் கூட்டிப் போனாள். "எதிர்ல இருக்கு. பாருங்க."

"என்ன இருக்கு?"

"உங்க செடி. பூத்திருக்கு."

தம்புசாமி அப்படியே நின்றார். முகத்தை முன்னால் நீட்டினார். தெரியவில்லை. அவருக்கு மூக்கு நுனி தூரம் வேண்டும். கையால் கயிற்றைத் தடவி, மெல்லத் தூக்கி, ஒரு காலை உள்ளே வைத்தார்.

"அங்கிள், அங்கிள்!" மைக்கிலேயே கூப்பிட்டாள் சந்திரகலா. "கயித்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. தொடக்கூடாது, இது ரொம்ப ரேர். கண்ணால பார்த்தாப் போதும்."

தம்புசாமி காலைப் பின்னால் எடுத்தார். "ஸாரிம்மா" என்றார்.

அவ்வளவுதான். அந்த ஸாரியில் புஷ்பவல்லிக்குள் இத்தனை வருஷம் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் சரிந்தது. கயிற்றைத் தாண்டினாள். டத்தோவுக்கு வைத்திருந்த மண்வெட்டியை, ரிப்பனோடு, எடுத்தாள்.

"அக்கா! என்னக்கா செய்யறீங்க?"

"திருடறேன்" என்றாள் புஷ்பவல்லி. மைக் அவளுக்குத் தேவைப்படவில்லை. "கேட்டு வாங்குனா வேர் புடிக்காதுன்னு நீதானே சொன்னே? கேக்கல. தேங்க்ஸும் சொல்ல மாட்டேன். எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க, பட்டப்பகல்ல திருடறேன்!"

தொட்டி ஒரே போடில் பிளந்தது.

"அங்க இருந்தா செத்துப் போயிருக்கும்க்கா! நான் காப்பாத்துனேன்!" சந்திரகலாவின் குரல் கீச்சென்றது.

"காப்பாத்துனியா? வேலிய அறுத்துக் காப்பாத்துனியா? கண்ணு தெரியாத மனுசன் காத்துல கைய விட்டுத் தேடுனானே, அதை வந்து பாத்தியா நீ?" திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். "இதுல யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்லணுமா? வாங்க, முன்னால வாங்க. பேசுவோம். அப்படியே உங்க உங்க வீட்டுக் கொல்லைக்கும் ஒரு நடை போய்ப் பாத்துட்டு வருவோம். பாலன், மொதல்ல உன் வீடு."

ஒருத்தரும் அசையவில்லை. பாலன் தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். மலர்விழிகூடக் கண்ணைத் தாழ்த்தினாள். அவளும் ஒரு தண்டு எடுத்திருப்பாள் போல. டத்தோவுக்குத் தமிழ் தெரியாது. சுற்றுச்சூழலைப் பற்றி ஏதோ நாடகம் போடுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு மனசாரக் கைதட்டினார். அவர் தட்டியதால் கூட்டமும் தட்ட வேண்டியதாயிற்று.

"தூக்குங்க" என்றாள் புஷ்பவல்லி.

தம்புசாமி, வாழ்நாளெல்லாம் குலை தூக்கிய ஆள், தடவிப் பார்த்து, அடியில் கைகொடுத்து, செடியைத் தோளில் ஏற்றினார். இவள் முழங்கையைப் பிடித்தாள். அவருடைய தலைக்கு மேலே பூந்தண்டு ஆடிக்கொண்டு வர, இருவரும் தெருவோடு நடந்தார்கள். வீட்டுக்கு வீடு ஜன்னல் திறந்தது. புஷ்பவல்லி யாரையும் பார்க்கவில்லை.

பின்வாசலில் இறக்கி வைத்துவிட்டு அவர் மூச்சு வாங்கினார். பிறகு மண்டியிட்டார். ஒரு பூவை இரண்டு கையாலும் ஏந்தி, வலது கண்ணோடு ஒட்டினாற்போல் கொண்டுபோனார். வெகுநேரம் அப்படியே இருந்தார். இவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"மஞ்சள் தெரியுது" என்றார். "புள்ளி தெரியல புஷ்பம்."

"இருக்கு" என்றாள் அவள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய விரலைப் பிடித்து இதழ் மேல் வைத்தாள். "இங்க ஒண்ணு. அரக்குக் கலர்ல. இந்தா, இங்க பெருசா ஒண்ணு. ஓரத்துல சின்னச் சின்னதா நெறைய. அந்த ஆளு சொன்ன மாதிரியேதான் இருக்கு. அழகா இருக்குங்க. ரொம்ப அழகா இருக்கு."

அவர் விரல் ஒவ்வொரு புள்ளியாக நின்று நின்று போயிற்று. பிறகு அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். சிரிப்பது போலவும் இருந்தது, கண்ணில் தண்ணீர் விட்டது போலவும் இருந்தது.

"இப்பச் சொல்லு. கரும்பா?"

புஷ்பவல்லி மூக்கை உறிஞ்சினாள்.

"கரும்பு இல்ல" என்றாள். "அதுக்காக அலமாரிய மறந்துட்டேன்னு நெனைச்சுக்காதீங்க."